காந்த உவமையும் இரும்பின் இயல்பும்

கச்சிமாநகர் பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர்பெற்றது போலவே உரைநூற் புலமைக்கும் பெயர்பெற்றது. திருக்குறளுக்கு உரைகண்ட பரிமேலழகர் அவ்வூரினர் என்பது வழிவழி வரும் செய்தி. கந்தபுராணம் குமரகோட்டத்தில் அரங்கேறிற்று என்பர். காஞ்சிப்புராணத்தின் முதற்காண்டத்தைப் பாடி அந்நகரின் தொன்மையையெல்லாம் தொகுத்துரைத்தவர் 1785-இல் மறைந்த மாதவச் சிவஞான முனிவர். சிவஞானபோதத்திற்கு மாபாடியம் இயற்றியவரும் அவரே. அவர் உரைகண்ட அந்நூலின் ஐந்தாம் சூத்திரத்து ஈற்றில் அமைந்த ஓர் உவமையே ஈண்டு யாம் ஆராயப் புகுவது. காந்தத்தின் முன் இரும்பு எவ்வாறு தொழிற்படுகின்றதோ அவ்வாறே இறைவன் திருமுன் உயிர்கள் அறிவு விளங்கப் பெறுகின்றன என்பது அவ்வுவமையின் திரண்ட பொருள். பின்வந்த நூல்கள் பலவற்றிலும் அது பயின்றது. தாயுமானவர் பாடல்களிலும் காந்தமும் கருந்தாதும் இணைந்து வரக் காண்கின்றோம். பயிலப் பயிலத் தேய்ந்து, இன்று மேடைகளில் பொருள் எண்ணாமலே சொல்லப்படும் உவமைகளுள் அதுவும் ஒன்றாயிற்று.

இவ்வுவமையை இக்காலத்தார் இருவகையாகக் கையாளுகின்றனர். ஒரு சாரார், காந்தத்தைப் பற்றி இயற்பியலார் இன்று கூறுவனவற்றையெல்லாம் மெய்கண்டார் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தார் என்று பெருமிதங்கொள்வர். மற்றொரு சாரார், உவமை உவமையே, உவமையாக வந்த பொருளின் இயல்பை ஆராய்தல் புலவர்க்கு வேண்டாத வேலை என்று ஒதுக்குவர். இவ்விரண்டும் எமக்கு உடன்பாடல்ல. முன்னது நூலாசிரியர் கூறாததை அவர்மேல் ஏற்றுவது. பின்னது செய்யுளுவமைக்கும் அளவைநூல் எடுத்துக்காட்டுக்கும் உள்ள வேறுபாட்டை மறப்பது. மகளிர் முகத்திற்குத் திங்களை உவமித்த புலவன், திங்களின் மேற்பரப்பில் குழிகள் உள என்பது பற்றிக் கவலைகொள்ள வேண்டுவதில்லை. சிவஞானபோதமோ மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் முறையில் நடப்பது. ஆண்டு எடுத்துக்காட்டுப் பழுதுபட்டால் ஏது தளரும். ஏது தளர்ந்தால் மேற்கோள் நில்லாது.

இதனைக் கற்க வெளிநாட்டு நூல்களை நாடவேண்டா. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை இலக்கணம் உணர்த்துகின்றார். உணர்த்திய இடம் காஞ்சி. பக்கம், ஏது, திட்டாந்தம் ஆகியவற்றை விளக்கியபின், அவற்றின் போலிகளையும் அவர் வகுத்துரைக்கின்றார். அவற்றுள் ‘சாத்திய தன்ம விகலம்’ என்பது ஒன்று. எதனை நிறுவ எடுத்துக்காட்டுக் காட்டப்பட்டதோ அத்தன்மையே எடுத்துக்காட்டில் இல்லாமற்போதல் அக்குற்றம். காந்த உவமை இக்குற்றத்திற்கு ஆளாகின்றதா என்பதே எம் வினா. இதற்கு விடைகாண, காந்தமும் இரும்பும் உண்மையில் எவ்வாறு தொழிற்படுகின்றன என்பதை அறிந்தே ஆகவேண்டும்.

முதற்கண் சொற்களைக் காண்பாம். காந்தம் என்பது வடசொல். விரும்பப்படுவது என்பது அதன் அடிப்பொருள். இரும்பால் விரும்பப்படும் கல் அயக்காந்தம். கதிரவன் ஒளிபட்டுத் தீயுமிழ்வது சூரியகாந்தம். திங்களொளியில் நீர்கசிவதாகக் கூறப்படுவது சந்திரகாந்தம். திருமந்திரத்தில் பஞ்சினைச் சுடுவதாக வருவது சூரியகாந்தமே. அதனை இரும்பிழுக்கும் கல்லெனக் கொண்டு மயங்கிய எழுத்துகளையும் யாம் கண்டதுண்டு. அடையின்றிக் காந்தம் என்று நின்றவிடத்து எக்காந்தம் என்பதை உடன்வரும் பொருளே காட்டும். ஐந்தாம் சூத்திரத்தில் உடன்வருவது ‘பசாசம்’. பேய் என்னும் பொருளிலும் வழங்கும் இச்சொல் ஈண்டு இரும்பைக் குறித்தது. எனவே அயக்காந்தம் என்பதில் ஐயமில்லை. நம் நாட்டில் அக்கல் அரிதன்று. சேலத்தை அடுத்த கஞ்சமலையில் மாக்னடைட்டு என்னும் காந்த இரும்புத்தாது மிகுதி.

இச்சூத்திரத்தில் மற்றொரு நுட்பமும் உண்டு. ‘காந்தம்’ என்னும் பெயர் உருபு தொக்கு நிற்கின்றது. ‘கண்ட’ என்னும் பெயரெச்சம் ‘பசாசம்’ என்பதைக் கொண்டு முடிகின்றது. இரண்டாம் வேற்றுமையுருபு விரிப்பின், காந்தத்தைக் கண்ட இரும்பு என்றாகும். காந்தத்தை எழுவாயாகக் கொள்ளின், காந்தத்தால் காணப்பட்ட இரும்பு என்றும் பொருள்படும். அவன் கண்ட மரம் என்புழிப் போல. வழக்கில் உள்ள உரை முன்னதே. சூத்திரத்தின் கருத்து, புலன்கள் உயிரால் உணர்வனவும் உயிர்கள் இறைவனால் உணர்வனவும் பற்றியதாகலின், உணர்வு பெறுவதற்கே காண்டல் வினையை உரிமையாக்குதல் பொருத்தம். யாமும் முன்னதையே கொள்கின்றோம். எனினும் பின்னதற்கும் இலக்கணம் இடந்தருதலை மாணாக்கர் குறித்துக்கொள்ளல் நன்று.

ஆயினும் மெய்கண்டார் ஆண்ட வினை ‘காண்டல்’ என்பதே தலையாய செய்தி. அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரில் முத்திநிலை கூறுமிடத்து இதே காந்தத்தை உவமிக்கும்போது ‘வலித்தல்’ என்னும் வினையை ஆளுகின்றார். வலித்தல் இழுத்தல். காண்டலோ எதிர்ப்படுதல், முன்னிலையுறுதல். மாணவர்க்கு நூலுணர்த்துவோர் ஐந்தாம் சூத்திரத்தை விளக்குங்கால், சித்தியாரின் வலித்தலை இங்கே கொணர்ந்து, காந்தம் இரும்பை இழுப்பது போல என்று உரைத்துவிடுகின்றனர். இழுப்புண்ட இரும்பு பெறுவது இடப்பெயர்ச்சி. சூத்திரத்தில் உயிர் பெறுவது உணர்வு. இடப்பெயர்ச்சிக்கும் உணர்வுக்கும் என்ன ஒப்புமை? தொல்காப்பியர் உவமத்திற்கு வினை, பயன், மெய், உரு எனத் தோற்றம் வகுத்தார். இழுத்தல் என்னும் வினைபற்றி இவ்வுவமையைக் கொண்டால், பொருளும் உவமையும் பிரிந்து நிற்கும்.

இனி இயற்பியல் கூறுவதைக் காண்பாம். தொடக்கநூல்கள் பொருள்களை டயா காந்தப் பொருள், பாரா காந்தப் பொருள், ஃபெர்ரோ காந்தப் பொருள் என மூன்றாகப் பகுக்கும். காந்தப்புலத்தில் வைத்தால் டயா காந்தப் பொருள் புலத்திற்கு எதிர்த்திசையில் மிக நொய்தாகக் காந்தமேறி, வலிய புலத்தினின்று மெல்லிய புலம் நோக்கி விலகும். பிசுமத்து, செம்பு, வெள்ளி, பொன், நீர் என்பன இவ்வினத்தன. இவ்விலக்கத்தை 1845-இல் விரிவாக ஆராய்ந்து பெயரிட்டவர் மைக்கேல் பாரடே. அலுமினியம், பிளாட்டினம் முதலிய பாரா காந்தப் பொருள்கள் புலத்தின் திசையிலேயே, ஆனால் மிக நொய்தாகக் காந்தமேறும். இரும்பு, கோபால்டு, நிக்கல் என்பன புலத்தின் திசையில் பன்மடங்கு வலிமையுடன் காந்தமேறும் ஃபெர்ரோ காந்தப் பொருள்கள். செம்பின் காந்த ஏற்புத்திறன் எதிர்க்குறியுடன் நூறாயிரத்தில் ஏறத்தாழ ஒரு பங்கு. தூய மென்னிரும்பின் ஒப்புமை உட்புகுதிறனோ பல்லாயிரம் வரை செல்லும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு மலைக்கும் மடுவுக்கும் உள்ளதினும் பெரிது.

இத்துறையில் தமிழர் ஒருவர் செய்த பணி தமிழ்மாணாக்கரும் அறியற்பாலது. வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், 1929 முதல் தாக்காப் பல்கலைக்கழகத்தில் இருந்த காலத்து, படிகங்களை மெல்லிய இழையில் தொங்கவிட்டுச் சீரான காந்தப்புலத்தில் அவை திரும்பும் திருக்கத்தை அளந்தார். ஒரே படிகம் ஒரு திசையில் ஓரளவும் மற்றொரு திசையில் வேறளவும் காந்தமேறுதலை அவர் நுட்பமாகக் கண்டார். தமிழில் அறிவியல் எழுதவேண்டும் என்னும் ஆர்வமும் அவர்க்கு மிகுதி. 1961-இல் அவர் மறைந்தார்.

காந்தம் இரும்பை ஈர்க்கும்போது நிகழ்வது யாது? காந்தம் இரும்பை அப்படியே பற்றி இழுப்பதில்லை. முதலில் இரும்பு காந்தத்தின் புலத்துள் தானும் காந்தமாகின்றது. காந்தத்தின் வடமுனை எதிரே நின்றால் இரும்பின் அண்மைப் பகுதி தென்முனையாகின்றது. இங்ஙனம் காந்தமான பின்னரே ஈர்ப்பு உண்டாகின்றது. இதனைக் காந்தத் தூண்டல் என்பர். காந்தத்தில் ஒட்டிய ஆணி மற்றோர் ஆணியைத் தாங்குவதும், அது பிறிதொன்றைத் தாங்குவதும் இதனாலேயே. இன்னும் கூறின், புலம் எங்கும் ஒரே சீராக இருப்பின் இரும்பு காந்தமேறும். ஒரு பக்கமாக இழுபடாது. புலம் இடத்திற்கிடம் வேறுபடும்போதே இழுப்பு. ஆகவே காந்தமாதல் முதல். இழுபடுதல் அதன் வழிப்பட்டது. முன்னது இன்றிப் பின்னது இல்லை. பின்னது இன்றியும் முன்னது உண்டு.

இவ்வுண்மையை ஐந்தாம் சூத்திரத்தோடு வைத்து நோக்கினால், ‘கண்ட’ என்னும் சொல்லின் தகுதி விளங்கும். காந்தத்தின் முன்னிலையில் இரும்பு காந்தத்தன்மை பெறுதல் போல, உயிரின் முன்னிலையில் புலன்களும், இறைவன் முன்னிலையில் உயிர்களும் உணரும் தன்மை விளங்கப்பெறும் என்று கொண்டால், உவமைக்கும் பொருளுக்கும் இடையே வேற்றுமை குறைகின்றது. பெறுவது தன்மை, இடம் அன்று. இன்னும் ஒன்று. இரும்பின் உள்ளே டொமைன் எனப்படும் நுண்பகுதிகள் உள என்று பியர் வைசு 1907-இல் கருதினார். பின்னர் அவை நேரிற் காணவும் பட்டன. ஒவ்வொரு நுண்பகுதியும் முன்னரே நிறைவாகக் காந்தமேறியது. ஆயினும் அவை பல்வேறு திசை நோக்கிக் கிடத்தலின் ஒன்றன் ஆற்றலை ஒன்று மறைக்க, புறத்தே இரும்பு காந்தமற்றதாய்த் தோன்றுகின்றது. காந்தம் எதிர்ப்பட்டவழி, புலத்தோடு ஒத்த பகுதிகள் விரிந்து ஏனைய குறுகி, மறைந்து கிடந்த தன்மை வெளிப்படுகின்றது. காந்தம் இரும்புக்குப் புதிதாக ஒன்றைத் தரவில்லை, உள்ளதை விளக்கிற்று. உயிர் அறிவுடைய பொருளே, எனினும் அறிவித்தாலன்றி அறியாது என்னும் சித்தாந்தக் கொள்கைக்கு இதனினும் ஏற்ற எடுத்துக்காட்டைத் தேடவேண்டுவதில்லை.

இதனால் மெய்கண்டார் டொமைன்களைக் கண்டார் என்று எவரும் முழங்கற்க. அவர் கண்டது, காந்தத்தின் முன்னிலையில் இரும்பின் இயல்பு மாறுகின்றது என்னும் காட்சியளவே. அக்காட்சியைச் சொல்லுவதற்கு வலித்தல் என்னாது காண்டல் என்று அவர் சொல் தெரிந்தமையே அவர் பெருமை.

இவ்வுவமை வடமொழித் தரிசனங்களில் நெடுங்காலம் வழங்கிய ஒன்று. வைசேடிக சூத்திரத்தில் கணாதர், ஊசி காந்தமணியை நோக்கிச் செல்லுதற்குக் காட்சிக்குப் புலனாகாத காரணம் ஒன்றைக் கூறி அமைந்தார். சாங்கியர், புருடன் ஒரு தொழிலும் செய்யாது அண்மையில் இருத்தல் ஒன்றானே பிரகிருதியை இயக்குகின்றான் என்று நிறுவக் காந்தத்தைக் காட்டினர். பிரமசூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் இரண்டாம் பாதத்தில் இது மறுக்கப்படுகின்றது. அங்குச் சங்கரர் கூறும் தடை கூர்மையானது. புருடனின் அண்மை என்றும் உள்ளது. அண்மையே இயக்குமாயின் இயக்கமும் என்றும் ஓயாது நிகழவேண்டும். காந்தத்திற்கோ அண்மை சிற்சில காலத்ததே. துடைத்துத் தூய்மை செய்தல் முதலியனவும் அதற்கு வேண்டும். ஆதலால் உவமை ஒவ்வாது என்பது அவர் கருத்து.

இத்தடை சாங்கியரை நோக்கி எழுந்ததேனும், சித்தாந்தியும் விடைகூறக் கடமைப்பட்டவனே. இறைவன் எங்கும் எக்காலத்தும் உடனாய் நிற்பவன் எனின், உயிர்க்கு அறியாமை எங்ஙனம் வந்தது? மலத்தின் மறைப்பு என்பது சித்தாந்தத்தின் விடை. மலத்திற்கு அந்நூல்கள் தரும் பேருவமை செம்பிற் களிம்பு. ஈண்டுத்தான் உவமைகளைக் கலந்து கையாளுவோர் இடறுகின்றனர். களிம்பேறிய செம்பாகிய உயிரைக் காந்தமாகிய இறைவன் ஈர்க்கின்றான் என்று பேசிய சொற்பொழிவொன்றை யாம் கேட்டதுண்டு. செம்பைக் காந்தம் ஈர்ப்பதில்லை. களிம்பை நீக்கித் துலக்கினாலும் ஈர்ப்பதில்லை. செம்பு டயா காந்தப் பொருள். நுட்பமாக அளந்தால் அது காந்தத்தினின்று விலகவே செய்யும். செம்பின் உவமை மலம் உடனாதற்கு வந்தது. இரும்பின் உவமை அறிவு விளங்குதற்கு வந்தது. ஒன்றனுள் ஒன்றைப் புகுத்தினால் இரண்டும் கெடும்.

இனி விகாரமின்மை பற்றிய வினா. உயிரை அறிவிக்குங்கால் இறைவன் வேறுபாடு எய்துவானல்லனோ என்னும் ஐயத்தை நீக்குதற்கே காந்தம் எடுத்துக்காட்டாயிற்று என்பது சைவ உரைமரபு. இவ்விடத்தில்தான் அறவண அடிகள் கூறிய போலி நுழைய இடமுண்டு. வேறுபாடின்மை என்பதைக் குறையாமை, அசையாமை என இரண்டாகப் பகுத்து நோக்கல் வேண்டும். விளக்கு ஒளிதர எண்ணெய் குறைகின்றது. காந்தம் இரும்பைக் காந்தமாக்குவதால் தன் ஆற்றல் குறைவதில்லை. இதற்கு மாறாக, லாட வடிவக் காந்தத்தின் இருமுனைகளையும் இணைத்து மென்னிரும்புத் துண்டு ஒன்றை வைப்பின் காந்தத்தின் வலிமை நெடிது காக்கப்படும். பள்ளி ஆய்வுக்கூடங்களில் இன்றும் இவ்வழக்கம் உண்டு. எனவே குறையாமைக்கு உவமை பழுதின்றி நிற்கும்.

அசையாமைக்கு அவ்வாறன்று. காந்தம் இரும்பை எவ்வளவு விசையுடன் இழுக்கின்றதோ அவ்வளவு விசையுடன் இரும்பும் காந்தத்தை இழுக்கின்றது. நியூட்டன் 1687-இல் வெளியிட்ட மூன்றாம் விதி இதற்கும் உரியது. காந்தத்தையும் இரும்பையும் நீரின்மேல் மிதக்கும் இரண்டு தக்கைகளில் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று நாடிச் செல்லும். பாறையிற் பதிந்த காந்தம் அசையாதிருப்பது அதன் பெருமையால் அன்று, பாறையின் பொறையால். ஆகவே இழுத்தல் என்னும் வினையைக் கொண்டு விகாரமின்மையை நிறுவப் புகுவோர் சாத்திய தன்ம விகலத்திற்கு இலக்காவர். தூண்டல் என்னும் பயனைக் கொள்வோர்க்கு அவ்விடர் இல்லை. மெய்கண்டார் சொல்லை விட்டுச் சித்தியார் சொல்லை இங்கே பெய்ததன் விளைவு இது.

யாம் இக்கட்டுரை எழுதப்புகுந்ததற்கு முதற்காரணமாகிய செய்தி இனி வருவது. சிவஞானசித்தியாருக்கு யாழ்ப்பாணத்து ஞானப்பிரகாசர் ஓர் உரை செய்தார். முத்தியில் உயிர் சிவத்தோடு ஒத்த நிலை எய்தும் என்னும் சிவசமவாதம் அவ்வுரையிற் காணப்படுகின்றது. சிவஞான முனிவர் அதனை மறுத்துச் சிவசமவாத உரைமறுப்பு எழுதினார். முத்தியிலும் உயிர் உயிரே. அதன் விளக்கம் இறைவனைச் சார்ந்தே நிகழும். தனித்து நின்று விளங்கும் தகுதி அதற்கு எந்நிலையிலும் இல்லை என்பது முனிவர் கொள்கை. இவ்விரு கொள்கைகளுள் காந்த உவமை எதற்குத் துணைபோகும்?

விடை, இரும்பு எவ்விரும்பு என்பதைப் பொறுத்தது. மென்னிரும்பு காந்தத்தின் முன்னர் விரைந்து வலிமையாகக் காந்தமேறும். காந்தத்தை அகற்றினால் ஏறிய தன்மையை ஏறத்தாழ முற்றும் இழக்கும். கரியேறிய எஃகோ காந்தமேறுதற்கு அரிது. ஏறியபின் விடுதற்கும் அரிது. காந்தத்தை அகற்றியபின்னும் அது தானே ஒரு காந்தமாய் நின்று பிற ஊசிகளை ஈர்க்கும். ஏறிய காந்தத்தன்மையை அகற்றுதற்கு எதிர்த்திசையில் வேண்டப்படும் புலத்தின் அளவைக் காந்தநீக்குத்திறன் என்பர். மென்னிரும்புக்கு அது மீட்டருக்கு 80 ஆம்பியர் என்னும் அளவினது. நூற்றுக்கு ஒரு பங்கு கரி சேர்ந்து கடினமாக்கப்பட்ட எஃகுக்கு அது 4000 என்னும் அளவினது. இவ்வேறுபாட்டைக் காட்டும் வளைகோட்டைத் தொடக்கநூல்கள் காந்தத் தயக்கக் கண்ணி என்று வரைந்து காட்டும். மென்னிரும்பின் கண்ணி ஒடுங்கியது. எஃகின் கண்ணி அகன்றது.

உவமையில் இரும்பை எஃகு என்று கொண்டால், காந்தத்தைச் சார்ந்த இரும்பு தானும் காந்தமாய்த் தனித்து நிற்கும்; அது சிவசமவாதத்திற்கு ஒத்த எடுத்துக்காட்டு. மென்னிரும்பு என்று கொண்டால், சார்ந்துள்ளவரை விளக்கமும் நீங்கின் மறைவும் உண்டாகும். அது முனிவர் கொள்கைக்கு ஒத்த எடுத்துக்காட்டு. ஒரே உவமை இரண்டு பகைக்கொள்கைகளுக்கும் இடந்தருகின்றது! வழக்காடிய இருவரும் இவ்வேறுபாட்டைக் கருவியாகக் கொண்டனர் என்று யாம் கூறவில்லை. உவமையின் உள்ளே கிடக்கும் இப்பிளவை இன்று படிப்போர் காணாதிருத்தல் தகாது என்பதே எம் கருத்து.

எனின், மெய்கண்டார் கருதியது எது? தமிழ்நாட்டுக் கொல்லர்க்கு இரும்பும் எஃகும் வேறென்பது சங்ககாலந்தொட்டே தெரியும். கரிசேர்த்து மூசையில் உருக்கிய தென்னாட்டு எஃகு கடல்கடந்தும் சென்றது. எஃகு என்னும் தனிச்சொல் கைக்கெட்டும் தொலைவில் இருக்க, ஆசிரியர் அதனை ஆளாது பொதுப்பெயராகிய பசாசத்தை ஆண்டார். பழைய உலைகளில் தாதினின்று முதலில் எடுத்துத் தட்டிய இரும்பு பெரும்பாலும் கரி குறைந்த மென்னிரும்பே. ஆகவே பொதுப்பெயரால் சுட்டிய இரும்பு மென்னிரும்பாதல் ஏலும். அன்றியும் ஐந்தாம் சூத்திரத்தில் உவமை ஒன்றாகாது இரண்டாய் அடுக்கி நிற்கின்றது. புலன்கள் உயிரைச் சார்ந்தே அறியும்; உயிர் நீங்கியவழி அவை அறியா. பிணத்தின் கண் காணாது. எஃகைப் போலப் பெற்றதைத் தேக்கிவைக்கும் ஆற்றல் புலன்களுக்கு இல்லை. அப்புலன்களை முன்வைத்தே உயிரும் உரைக்கப்பட்டமையின், இரும்பு மென்னிரும்பு என்று கொள்ளுதலே சூத்திரத்தின் நடைக்கு இயைவது. இவ்வகையில் முனிவர் பக்கமே வலிமையுடையது என்று துணிகின்றோம். இயற்பியல் இத்துணிவைத் தரவில்லை. வினாவை மட்டுமே கூர்மைப்படுத்திற்று. துணிவு சூத்திரத்தின் சொல்லமைதியால் வந்தது.

இங்ஙனம் அறிவியலைத் துணைக்கொள்ளுங்கால் ஓர் இடர் உண்டு. பொருள் மூவகை என்றவுடன், உயிரும் சகலர், பிரளயாகலர், விஞ்ஞானகலர் என மூவகையே என்று எண்ணை ஒப்பிட்டு, டயா காந்தம் சகலர், பாரா காந்தம் பிரளயாகலர் என்று அட்டவணை இடத் தோன்றும். முதுகலை மாணாக்கர் ஏடுகளில் இவ்வகை அட்டவணைகள் மிகுதி. எண் ஒத்தமையால் பொருள் ஒத்ததாகாது. அன்றியும் அம்மூன்று என்னும் எண்ணே நிலையானதன்று. எதிர் ஃபெர்ரோ காந்தம், ஃபெர்ரி காந்தம் என்னும் வகைகளை லூயி நேயல் விளக்கினார். அதன்பொருட்டு 1970-இல் நோபல் பரிசும் பெற்றார். மாக்னடைட்டு ஆகிய காந்தக்கல்லே ஃபெர்ரோ காந்தப் பொருளன்று, ஃபெர்ரி காந்தப் பொருள் என்பது அவரால் தெளிந்தது. உவமையின் தலைமைப்பொருளே மூன்றனுள் அடங்காதபோது அட்டவணை எங்ஙனம் நிற்கும்?

அருள் எல்லா உயிர்க்கும் பொது; காந்தமோ இரும்பொன்றையே நாடுகின்றது; ஆதலால் உவமை குறையுடையது என்றும் ஒரு தடை எழலாம். காஞ்சியில் நெய்யும் சேலை ஒன்றை எடுத்துக் காந்தத்தின் முன் பிடித்தால் இத்தடை கண்கூடாகும். பட்டிழை, சிவப்புச் சாயமேற்றிய பட்டின்மேற் சுற்றிய வெள்ளிக்கம்பி, அதன்மேற் பூசிய பொன், வெள்ளியுடன் கலந்த செம்பு ஆகிய யாவும் டயா காந்தப் பொருள்கள். சரிகை மெய்யோ பொய்யோ என்று காந்தத்தால் கண்டுபிடிக்க இயலாமைக்கும் இதுவே காரணம். வெள்ளிக்கு மாற்றாகச் செம்பு இட்டாலும் காந்தம் வாளா இருக்கும். அச்சேலையை நெய்த தறியின் ஜக்கார்டுப் பெட்டியிலுள்ள இரும்புக் கொக்கிகளே காந்தத்தை அறியும். எனினும் இத்தடை வலியதன்று. உவமை ஒருபுடை ஒப்புமையே என்பது எல்லார்க்கும் ஒப்ப முடிந்தது. இரும்பு உயிர்க்கு உவமையாக வந்ததேயன்றி, உலகத்துப் பொருள்கள் யாவும் உயிர்களுக்கு உவமையாக வரவில்லை.

சித்தியார்ப் பாடலுக்கு மீள்வாம். முத்திநிலையில் இறைவன் உயிரை ஆட்கொள்ளும் முறையை அப்பாடல் அடுக்குவமைகளால் உரைக்கின்றது. காந்தம் இரும்பை வலித்தல், தீ இரும்பைத் தன்மயமாக்குதல், தீ விறகை அழித்தல், நீர் உப்பை அணைதல், குளிகை பொன்னை ஒளித்தல் என்பன அவற்றுட் சில. முதலிரண்டும் இரும்பைப் பற்றியன. அவற்றின் வரிசையை எவரும் கருதியதாகத் தெரியவில்லை. இரும்பு 770 பாகை செல்சியசு வெப்பநிலையை எய்தினால் தன் ஃபெர்ரோ காந்தத்தன்மையை இழந்து பாரா காந்தப் பொருளாகின்றது. பியர் கியூரி 1895-இல் இம்மாற்றத்தை ஆராய்ந்தமையின் அது கியூரி வெப்பநிலை எனப்படும். செக்கச்சிவந்த இரும்பைக் காந்தம் ஈர்ப்பதில்லை என்பதை 1600-இல் வில்லியம் கில்பர்ட்டும் எழுதினார். உலைக்களத்தில் நிற்கும் கொல்லர்க்கும் அது தெரிந்த செய்தி. எனவே தீயின் உவமையை முன்னும் காந்தத்தின் உவமையை அதன் பின்னும் வைத்திருப்பின், ஒரே இரும்பைத் தொடர்ந்து நோக்குவார்க்கு முரண் தோன்றும். முதலில் வலித்து, வலிக்கப்பட்டதைப் பின்னர்த் தீயாக்குவதாக அமைந்தமையின் முரண் இல்லை. தீயாகிய இரும்பை வலிக்கக் காந்தமும் வேண்டுவதில்லை, அது வந்துசேர்ந்துவிட்டது. சிவஞானபோதத்து ஐந்தாம் சூத்திரம் அறிவு விளங்கும் முறையைக் கூறுவது. இப்பாடல் ஆட்கொள்ளும் முறையைக் கூறுவது. அங்குக் காண்டலும் இங்கு வலித்தலும் நின்றமை இதனால். இரும்பைப் பற்றிய உவமைகள் இவ்விரண்டோடு அமைகின்றன. பொன்னுக்கு ஆசிரியர் காட்டியது குளிகை, காந்தம் அன்று.